மொரீஷியஸிலிருந்து புதிய வலைப்பூ: எந்தத் துறையில் தேடல் போட்டி தாங்கும்?

மொரீஷியஸில் இருந்துகொண்டு வலைப்பூ தொடங்க நினைப்பவர்கள் சுற்றிச் சுற்றி நான்கு துறைகளுக்குத்தான் வருகிறார்கள். கடற்கரை, ஹோட்டல், ஊர்சுற்றல் முதலாவது. தால் பூரி, ருகாய் என்ற தக்காளிக் குழம்பு, வாழையிலையில் பரிமாறும் ஏழு கறி என்று சமையல் இரண்டாவது. வரித்தாக்கல், ஓட்டுநர் உரிமம், மின் மீட்டர் போன்ற உள்ளூர் நடைமுறைகள் மூன்றாவது. காவடி, தீமிதி, கோவிந்தன் விரதம், கல்யாணச் சடங்கு நான்காவது. எழுதுவதற்கு நான்கிலும் விஷயம் கொட்டிக் கிடக்கிறது. புதிதாக வருகிறவருக்குக் கூகுளின் முதல் பக்கத்தில் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பலரும் அதை ஏதோ ஒரு கருவி காட்டும் எண்ணை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். பன்னிரண்டரை லட்சம் பேர் மட்டுமே வாழும் தீவில் அந்த எண் பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

கருவிகள் எதை அளக்கின்றன

முதலில் கூகுளின் கீவேர்ட் பிளானர். கூகுள் ஆட்ஸ் கணக்கு இருந்தால் இலவசம். அதில் 'போட்டி' என்ற தலைப்பின் கீழ் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வரும். அது விளம்பரதாரர்களுக்குள் நடக்கும் போட்டி. அந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் காசு கொடுத்து விளம்பரம் போடுகிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. காவடி விரத முறைக்கு யார் விளம்பரம் போடப்போகிறார்கள்? 'குறைவு' என்றுதான் வரும். அதை நம்பி இறங்கியவர், முதல் பக்கத்தில் விக்கிபீடியாவும் நாளிதழ்களும் உட்கார்ந்திருப்பதைப் பிறகுதான் பார்ப்பார்.

விளம்பரச் செலவு இல்லாத கணக்குக்குத் தேடல் எண்ணிக்கையும் அகலமான வரம்புகளாகத்தான் தெரியும்: 10–100, 100–1,000, 1,000–10,000. மாதம் 110 தேடலும் 950 தேடலும் ஒரே பெட்டியில் விழும். ஒருமை பன்மை, சிறு எழுத்து வேறுபாடு உள்ள சொற்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். பிளானரில் உருப்படியாகப் பார்க்க வேண்டியது வேறு ஒரு தகவல்: பக்கத்தின் மேற்பகுதியில் விளம்பரம் வர எவ்வளவு ஏலம் கேட்கிறார்கள் என்ற தொகை. அந்தச் சொல்லில் பணம் புழங்குகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். போட்டியை அளக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். வருமானத்தை ஊகிக்கப் பயன்படுத்துங்கள்.

அடுத்து ஏஹ்ரெஃப்ஸ் என்ற தேடல் ஆய்வுக் கருவி. ஒரு சொல்லில் முன்னேறுவது எவ்வளவு கடினம் என்று காட்டும் இதன் 'கேடி' எண் 0 முதல் 100 வரை போகும். முதல் பத்து இடத்தில் இருக்கும் பக்கங்களுக்கு எத்தனை வெவ்வேறு தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதே அதன் அடிப்படை. ஏறுமுகம் நேர்கோடாக இருக்காது. கேடி 10 என்றால் முதல் பத்துக்குள் வர ஏறக்குறைய 10 தளங்களின் இணைப்பு வேண்டும். 50 என்றால் 84. 70 என்றால் 202. 90 என்றால் 756. ஆகவே 10-க்கும் 20-க்கும் உள்ள தூரத்தையும் 70-க்கும் 80-க்கும் உள்ள தூரத்தையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. செம்ரஷ் என்ற இன்னொரு கருவி தன் எண்ணைச் சதவீதமாகத் தருகிறது. 0–14 மிக எளிது, 15–29 எளிது, 30–49 முயன்றால் முடியும், 50–69 கடினம், அதற்கு மேல் புதியவர் எட்டிப்பார்க்கத் தேவையில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு கருவியும் இரண்டு எண் தருவது சகஜம். கணக்குப் போடும் முறையே வேறு. ஒன்றை எடுத்துக்கொண்டால் நான்கு துறைக்கும் அதையே வைத்துப் பாருங்கள், கலக்காதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏஹ்ரெஃப்ஸின் கேடி அந்தக் குறிப்பிட்ட பக்கத்துக்கு வந்த இணைப்புகளைத்தான் எண்ணுகிறது. பிரான்ஸின் மார்மிட்டோன் போன்ற ராட்சதச் சமையல் தளத்தில் ஒரு மூலையில் கிடக்கும் குறிப்புக்கு வெளியிலிருந்து ஒரு இணைப்பு கூட இருக்காது. ஆனாலும் தளத்தின் பலத்தில் அது முதல் மூன்று இடத்தில் நிற்கும். இப்படிப்பட்ட பக்கங்களே பத்தும் என்றால் கேடி 0 அல்லது 1 காட்டும். எண்ணைப் பார்த்து எழுதுகிறவர் நாற்பதாவது இடத்தில் நின்றுகொண்டு, ஏன் நகரவில்லை என்று தலையைச் சொறிவார். கேடி 10-க்குக் கீழே வந்தால், பத்துப் பக்கங்களின் தளப் பலத்தையும் தனியே பாருங்கள். அதைக் காட்டும் எண்கள் ஏஹ்ரெஃப்ஸின் டிஆர், மோஸ் என்ற கருவியின் டிஏ; எதுவாக இருந்தாலும் சரி. இந்த எண்களைக் கூகுள் பயன்படுத்துவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு உதவும், அவ்வளவுதான். 30-க்குக் கீழே உள்ள தளம் முதல் பத்தில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அந்த 0-க்கு மதிப்பு.

மொரீஷியஸுக்கு என்று வடிகட்டினால் இன்னொரு சிக்கல் வரும்: பெரும்பாலான சொற்களுக்கு எண்ணே இருக்காது, அல்லது 0–10 தேடல் என்று நிற்கும். கருவியிடம் தரவு இல்லை என்பதற்கும் யாரும் தேடவில்லை என்பதற்கும் திரையில் வேறுபாடு தெரியாது. வரிசையே இல்லாத கடை என்று சந்தோஷமாகப் போனால், கடை மூடியிருக்கவும் கூடும். கூகுள் டிரெண்ட்ஸும் இங்கே அரைகுறைதான். அது தருவது 0–100 என்ற ஒப்பீட்டு அளவு, தேடல் குறைந்தால் போதிய தரவு இல்லை என்று சொல்லிவிடும். தேடுபெட்டியில் சொல்லைத் தட்டத் தொடங்கியதும் கீழே விழும் பரிந்துரைகள் இதைவிட நம்பகமானவை. உங்கள் சொற்றொடர் அங்கே வருகிறதென்றால் யாரோ தேடுகிறார்கள் என்று பொருள்.

தலைப்புத் தேடல் சூத்திரம் ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 'ஆல்இன்டைட்டில்' கட்டளையைப் போட்டு, எல்லாச் சொற்களும் தலைப்பில் உள்ள பக்கங்கள் எத்தனை என்று பார்ப்பார்கள். அதை மாதத் தேடலால் வகுத்து 0.25-க்குக் கீழே வந்தால் எளிது என்பார்கள். மாதம் 250-க்குக் குறைவாகத் தேடப்படும் சொற்களுக்கான சூத்திரம் இது. நம் ஊரில் பகுக்கும் எண்ணே ஊகம்தான். மாதம் 10 தேடல், தலைப்பில் பொருந்தும் பக்கம் 3 என்றால் விடை 0.3, சூத்திரப்படி தோல்வி. அந்த மூன்றையும் திறந்து பார்த்தால் ஒன்று பழைய பிடிஎஃப், ஒன்று முகநூல் அறிவிப்பு, மூன்றாவது நான்கு வரிச் செய்தி. இதைத் தோல்வி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கூகுள் காட்டும் முடிவு எண்ணிக்கையும் தோராயமே. சூத்திரத்தை விட்டுவிடலாம்.

தேடுகிறவர் எங்கே இருக்கிறார்

துறைகளை ஒப்பிடும்போது பலர் சறுக்கும் இடம் இது. மொரீஷியஸைப் பற்றிய தேடல் என்றால் மொரீஷியஸிலிருந்து வரும் தேடல் என்று எண்ணிவிடுகிறார்கள். 2024-இல் 13 லட்சத்துக்கு மேல் பயணிகள் தீவுக்கு வந்தார்கள். பிரான்ஸ்தான் முதலிடம், பக்கத்துத் தீவான ரியூனியன், பிரிட்டன், தென்னாப்பிரிக்கா எல்லாம் பின்னால். அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே, சொந்த ஊரில் உட்கார்ந்து தேடி முடித்துவிடுகிறார்கள். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் உங்கள் கைப்பேசியில் தெரியும் முதல் பக்கமும், பிரான்ஸின் லியோனில் ஒருவர் பார்க்கும் முதல் பக்கமும் ஒன்றாக இருக்காது.

பார்க்க எளிய வழி: மறைநிலைச் சன்னலில் தேடிவிட்டு, முகவரிப் பட்டியின் கடைசியில் 'அண்ட்' குறி, ஜி, எல் என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள், சமக்குறி, அதன் பின் நாட்டின் ஈரெழுத்துக் குறி சேருங்கள். மொரீஷியஸுக்கு எம்-யு, பிரான்ஸுக்கு எஃப்-ஆர், ரியூனியனுக்கு ஆர்-இ, தென்னாப்பிரிக்காவுக்கு இசட்-ஏ. அதே போல எச், எல் என்று எழுதி மொழிக் குறியையும் கொடுக்கலாம். நாட்டுக்கு நாடு தனி முகவரியில் போய்ப் பார்க்கும் பழைய பழக்கம் இனி உதவாது. 2017 முதலே கூகுள் முகவரியைப் பார்க்காமல் தேடுபவரின் இருப்பிடத்தைப் பார்க்கிறது, 2025 ஏப்ரலில் நாட்டு முகவரிகளையெல்லாம் பொது முகவரிக்குத் திருப்பிவிடப் போவதாகவும் அறிவித்துவிட்டது. மேலே சொன்ன வழி முழுத் துல்லியம் இல்லை. கூகுள் ஆட்ஸ் கணக்கில் உள்ள விளம்பர முன்னோட்டக் கருவியில் ஊர், மொழி, கைப்பேசி அல்லது கணினி என்று தேர்ந்தெடுத்துப் பார்த்தால் இன்னும் கிட்டத்தில் வரும்.

மொழியையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிரியோல் பேசுகிறவர் தேடுபெட்டியில் பெரும்பாலும் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோதான் தட்டுகிறார். கிரியோலில் தேடுகிறவர்களும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுவதால் எண்ணிக்கை சிதறிப்போகும். ஒரே துறை பிரெஞ்சில் திறந்தும் ஆங்கிலத்தில் அடைத்தும் இருக்கும். ஆகவே 'சமையல்' என்று ஒரு மதிப்பெண் போடாமல், 'சமையல், பிரெஞ்சு, பிரான்ஸிலிருந்து' என்று போடுங்கள்.

பத்து இருக்கையையும் எண்ணுங்கள்

ஒவ்வொரு துறைக்கும் இருபது தேடல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சொல் வேண்டாம். நான்கைந்து சொல் கொண்ட, மனிதர் உண்மையில் கேட்கும் கேள்விகள். பரிந்துரைகளிலிருந்தும், 'மக்கள் கேட்பவை' பெட்டியிலிருந்தும் எடுக்கலாம். பிறகு ஒவ்வொன்றையும் சரியான நாட்டுக் குறியோடு தேடி, முதல் பத்து முடிவுகளைத் திறந்து பாருங்கள். கீழே சொன்னவற்றில் எது இருந்தாலும் அது பலவீனமான இருக்கை:

- கேள்விக்கு நேர்ப் பதில் இல்லாத பக்கம். தலைப்பில் மட்டும் சொல் இருக்கும், உள்ளே வேறு கதை
- பிடிஎஃப், முகநூல் பதிவு, நாலு வரிச் செய்தி
- வேறு ஊரைப் பற்றிய பக்கம். மொரீஷியஸைக் கேட்டால் ரியூனியனைக் காட்டுவது
- காலாவதியான தகவல்
- இருபதுக்கும் குறைவான தளங்களே இணைப்புக் கொடுத்திருக்கும் சின்ன வலைப்பூ, அதுவும் உங்களைப் போலவே தனியாள் நடத்துவது

காலாவதியைக் கண்டுபிடிக்கப் பதிப்புத் தேதியை நம்ப வேண்டாம்; பலர் தேதியை மட்டும் மாற்றி வைப்பார்கள். உள்ளே படியுங்கள். கியூர்பைப்பிலிருந்து போர்ட் லூயிஸுக்குப் பேருந்துதான் வழி என்று ஒரு பக்கம் சொன்னால், அது மெட்ரோ கியூர்பைப் வரை நீண்ட 2022 அக்டோபருக்கு முந்தியது. அந்த இருக்கையை எடுத்துவிடலாம்.

மன்ற விவாதங்கள் முதல் பக்கத்தில் வந்தாலே போட்டி பலவீனம் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2023-க்குப் பிறகு ரெட்டிட் போன்ற தளங்களைக் கூகுள் முன்பைவிட அதிகமாகவே மேலே காட்டுகிறது. ரெட்டிட் இருக்கையை அரை என்று எண்ணுங்கள்.

பத்தில் குறைந்தது மூன்று பலவீனம் என்றால் அந்தத் தேடல் திறந்திருக்கிறது. பிறகு கைப்பேசியில் ஒருமுறை பாருங்கள்: விளம்பரம், ஹோட்டல் விலைப் பெட்டி, வரைபடம், காணொளி வரிசை, ஏஐ சுருக்கம் எல்லாம் சேர்ந்து முதல் திரையை நிரப்பிவிட்டால், எத்தனை பலவீனம் இருந்தாலும் அதை மூடியதாகவே குறியுங்கள். ஐந்தாவது இடத்தைப் பிடித்தாலும் விரல் அதுவரை இறங்காது.

இருபதில் பன்னிரண்டு திறந்திருந்தால் அந்தத் துறையில் இறங்கலாம். ஆறு முதல் பதினொன்று என்றால் துறையை இன்னும் குறுக்குங்கள். அதற்கும் கீழே என்றால் விட்டுவிடுங்கள். இந்த எல்லைகள் ஆராய்ச்சி முடிவு இல்லை, கைக்கணக்கு. ஆனால் நான்கு துறைக்கும் ஒரே கோலை வைத்து அளந்தால் வரிசை தானாகவே தெரிந்துவிடும்.

சுற்றுலா

தேடல் மிக அதிகம், பணமும் அதிகம், இடம் குறைவு. 'சிறந்த கடற்கரைகள்', 'எந்த ஹோட்டல்' என்ற வகைத் தேடல்களில் டிரிப்அட்வைசர், புக்கிங்.காம், கெட்யுவர்கைடு போன்றவை நிற்கும். மீதி இடத்தைக் கூகுளின் சொந்தப் பெட்டிகள் எடுத்துக்கொள்ளும். இதில் புதியவர் எத்தனை கட்டுரை எழுதினாலும் கரை சேரமாட்டார்.

உள்ளே இறங்கினால் மட்டும் சந்துகள் உண்டு. ஜூலையில் எந்தக் கரையில் தங்குவது என்ற கேள்வியைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் அடித்துத் தள்ளும். கிழக்கே பெல் மாரில் காற்று, மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் அமைதி. ஐரோப்பாவின் பள்ளி விடுமுறையும் அதே சமயம்தான். இதற்குப் பெரிய தளங்கள் பூசி மெழுகிய பதில் தரும். ஊர்க்காரர் ஊர் ஊராகச் சொல்லலாம். மாயேபூரிலிருந்து பேருந்தில் சுற்றுவது, ஞாயிறு மதியம் எது மூடியிருக்கும், குழந்தைகளோடு மெட்ரோவில் எதுவரை போகலாம் என்று இப்படிப் பிரித்து எடுத்தால் எட்டு ஒன்பது தேடல் திறந்திருக்கும். முழுத் துறையாக எடுத்தால் மூன்றைத் தாண்டாது.

சமையல்

இங்கேதான் எழுத்துக்கூட்டல் போட்டியைத் தீர்மானிக்கிறது. ருகாயை எடுத்துக்கொள்வோம். ரியூனியனில் அந்தச் சொல் 'எல்' எழுத்தோடு முடியும். மொரீஷியஸில் இன்னொரு 'எல்'லும் 'இ'யும் சேர்த்து எழுதுகிறார்கள். பண்டமும் வேறு: நம் ஊரில் தக்காளிக் குழம்பு, ரியூனியனில் பச்சையாக அரைத்த துவையலுக்கும் அந்தப் பெயர் உண்டு, தொத்திறைச்சி போட்ட ருகாயும் உண்டு. பிரான்ஸில் பிரபலமானது அந்தத் தொத்திறைச்சி ருகாய். கூகுள் இரண்டு எழுத்துக்கூட்டலையும் கிட்டத்தட்ட ஒன்றாகப் பார்ப்பதால், மொரீஷியஸ் எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ரியூனியன் குறிப்புகள் வந்து முன்னே நிற்கும். கருவி பெரிய தேடல் எண்ணிக்கை காட்டும். அதில் பாதிக்கு மேல் நம் பண்டத்தைத் தேடியதே கிடையாது. ருகாய் என்ற ஒற்றைச் சொல்லில் மோத வேண்டாம். உப்புக் கருவாடு போட்டது, முட்டை போட்டது, சைவம் என்று பிரித்து, 'மொரீஷியஸ்' என்ற அடைமொழியையும் தலைப்பில் வையுங்கள்.

தால் பூரி இதற்கு நேர்மாறு. கரீபியத் தீவுகளில் வேறு மாதிரி எழுதுகிறார்கள். இரட்டை 'எல்' போட்டு 'தோல்' என்று எழுதித் தேடுகிறவர் அநேகமாக மொரீஷியஸ்காரர், அல்லது இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். தேடல் குறைவு, ஆனால் கலப்படமில்லை. பருப்பு எத்தனை நிமிடம் வேக வேண்டும், குழைந்துபோனால் மாவுக்குள் ஏன் ஒட்டுகிறது, தேய்க்கும்போது ஏன் கிழிகிறது என்ற கேள்விகளுக்குப் பெரிய பிரெஞ்சுத் தளங்களில் பதில் கிடைப்பது அரிது. அவர்கள் அளவும் படமும் போட்டு முடித்துவிடுவார்கள். பருப்பை விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், கூழாகக் கூடாது, அரைத்த பின் தூளாக உதிர வேண்டும் என்று எழுதுகிறவர் அந்த இருக்கையை எடுத்துவிடுவார்.

ஏழு கறி இன்னும் திறந்தது. ரசோன் (ரசம்), பூசணி, பலாக்காய், வாழைக்காய் என்று ஒவ்வொரு கறியும் தனித் தேடல். ஐம்பது பேருக்கு அளவு, இலையில் எது எங்கே என்பவை கூடுதல் தேடல்கள். புரட்டாசி விரத காலத்தில் ஏறும், கல்யாணங்களுக்காக ஆண்டு முழுதும் கொஞ்சம் இருக்கும். சிக்கல் காணொளி. சமையலில் யூடியூப் வரிசை மேலே வந்து உட்காருகிறது. கைப்பேசியில் சோதிக்காமல் சமையல் தேடல் எதையும் திறந்தது என்று குறிக்காதீர்கள். காணொளியில் சொல்ல முடியாத அளவுப் பட்டியல், பிழை திருத்தம், மாற்றுப் பொருள் ஆகியவைதான் எழுத்துக்கு மிஞ்சும் பங்கு. பாரீஸில் பச்சைப் பலாக்காய் கிடைக்காவிட்டால் டின்னில் எது வாங்குவது என்ற கேள்விக்குக் காணொளி பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

உள்ளூர் நடைமுறைகள்

கருவிகள் இந்தத் துறையை மொத்தமாக 0 என்று காட்டும். முதல் பக்கத்தில் அரசுத் தளங்களும் பிடிஎஃப்களும் இருக்கும். இருக்கை எண்ணினால் திறந்ததாகவே தோன்றும். ஆனால் கூகுள் பணம், சட்டம், உடல்நலம் சார்ந்த பக்கங்களில் நம்பகத்தன்மையைக் கூடுதலாக எதிர்பார்க்கிறது. பெயர் தெரியாத புதுத் தளத்தை மேலே ஏற்றத் தயங்கும். ஜூன் பட்ஜெட் வந்ததும் பாதிக் கட்டுரையைத் திருத்த வேண்டும், நிதியாண்டு ஜூலையில் தொடங்கும். தேடுகிறவர் எல்லாம் தீவுக்குள்ளேயே இருப்பதால் விளம்பர ஏலமும் பிரான்ஸ் வாசகருக்கு ஈடாக வராது. வெளிநாட்டவருக்கான பணி அனுமதி, ஓய்வுக்கால அனுமதி ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அங்கே பணம் இருக்கிறது, ஆனால் சட்ட நிறுவனங்களும் வந்துவிட்டன. கணக்காளரோ வழக்கறிஞரோ கூடவே இல்லாமல் இந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

சமயமும் சடங்கும்

காவடியை மொரீஷியஸில் 'சி'யில் தொடங்கி இரட்டை 'இ'யில் முடிக்கிறார்கள். டர்பனில் 'கே'யில் தொடங்கி 'ஒய்'யில் முடிப்பது வழக்கம். மலேசியாவில் 'தைப்பூசம்' என்றே தேடுகிறார்கள். பொதுவாகத் தேடினால் மலேசியப் பத்துமலை முன்னுக்கு வரும். மொரீஷியஸ் எழுத்துக்கூட்டலில், பிரெஞ்சில் தேடினால் பொது விடுமுறைப் பட்டியல், சுற்றுலாத் தளத்தின் வண்ணப்படம், நாளிதழின் அன்றைய செய்தி என்று வரும். பத்து நாள் விரதத்தில் என்ன சாப்பிடலாம், அலகு குத்திக்கொள்கிறவர் எத்தனை நாளைக்கு முன் கோவிலில் பதிவு செய்ய வேண்டும், வீட்டில் துக்கம் நேர்ந்தால் காவடி எடுக்கலாமா என்று உள்ளே போய்க் கேட்டால் நேர்ப் பதில் குறைவு. தமிழ் படிக்கத் தெரியாத, பிரெஞ்சில் வாசிக்கும் இளம் தமிழ்க் குடும்பங்கள் இங்கும் ரியூனியனிலும் இருக்கின்றன. அவர்கள் கேள்விகள் இவை. இருபது தேடலில் பதினான்கு பதினைந்து திறந்திருக்கக்கூடிய ஒரே துறை இதுதான்.

குறை, பருவம். பிளானர் தருவது பன்னிரண்டு மாதச் சராசரி. உதாரணமாக மாதம் 100 என்று காட்டும் சொல் ஆண்டுக்கு 1,200. அதில் 1,000 ஒரே மாதத்தில் கொட்டிவிட்டு மீதி மாதங்கள் காய்ந்து கிடக்கலாம். தைப்பூசம் நகரவும் செய்யும்: 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. ஜனவரியில் உட்கார்ந்து எழுதினால் கூகுள் அந்தப் பக்கத்தை மதிக்கத் தொடங்குவதற்குள் காவடி முடிந்துவிடும். நவம்பர் முதல் வாரத்துக்குள் வெளியாக வேண்டும்; தீமிதி, கோவிந்தன் கட்டுரைகளுக்கும் மூன்று மாத முன்னோட்டம் வையுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் புதுப் பக்கம் தொடங்காதீர்கள். ஒரே முகவரியில் தேதியை மாற்றிக்கொண்டே போனால் சேர்ந்த இணைப்புகள் வீணாகாது.

தமிழிலேயே எழுதினால்?

தளத்தில் விளம்பரம் போட்டு வருமானம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழை ஏற்கிறது. ஆனால் தமிழில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். ஆன்மிகம், சமையல் இரண்டிலும் அங்குள்ள பெரிய ஊடகத் தளங்கள் நிறைந்து கிடக்கின்றன. கருவிகளுக்கும் தமிழ்ச் சொற்கள் தகராறுதான். பாதிப்பேர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள், எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்துவிடும். தமிழ்நாட்டு வாசகருக்கு மொரீஷியஸ் வேலை, படிப்பு, தேனிலவுப் பயணம் பற்றித் தமிழில் எழுதுவது மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டிய தனி வழி. அதற்கு நாட்டுக் குறி ஐ-என்.

எதை எடுப்பது

வருமானம் அவசரம் இல்லையென்றால் சடங்கும் ஏழு கறியும் சேர்ந்த பிரெஞ்சு வலைப்பூ. இரண்டும் ஒரே வாசகரைப் பிடிக்கும், ஒன்றின் வறண்ட மாதத்தை மற்றது நிரப்பும். வருமானம் வேண்டுமென்றால் சமையலை முன்னே வைத்து, பிரான்ஸ் வாசகரைக் குறிவையுங்கள். சுற்றுலாவைத் தனித் துறையாக எடுக்காமல், ஒரு வருடம் கழித்து ஒரு பிரிவாகச் சேர்க்கலாம். தளப் பெயரில் எம்-யு முடிவு வேண்டாம். அது மொரீஷியஸுக்கான தளம் என்று கூகுளுக்குச் சொல்லும், உங்கள் வாசகர் பாதிக்கு மேல் வெளியே இருக்கிறார். பொதுவான 'டாட் காம்' போதும்.

முடிவு சரியா என்பதைப் பதினைந்து கட்டுரை வெளியிட்டு மூன்று மாதம் விட்டு, உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் பார்க்கலாம். செயல்திறன் அறிக்கையில் கட்டுரைவாரியாகத் தோற்றங்களையும் (தேடல் முடிவில் எத்தனை முறை காட்டப்பட்டது) சராசரி இடத்தையும் எடுங்கள். தோற்றமே இல்லை, ஆனால் பக்கம் கூகுளின் தேடல் அட்டவணையில் ஏறியிருக்கிறது என்றால் தேடல் இருக்கும் என்று போட்ட கணக்கு தப்பு. சொல்லை மாற்ற வேண்டும். தோற்றம் இருக்கிறது, இடம் 60-க்கு அப்பால் என்றால் போட்டியைக் குறைத்து எடைபோட்டுவிட்டீர்கள். இன்னும் குறுகிய கேள்விக்குப் போக வேண்டும். 8 முதல் 30-க்குள் நின்றால் துறை சரி. அந்தப் பக்கங்களுக்கு உங்கள் மற்றக் கட்டுரைகளிலிருந்து உள்ளிணைப்பு கொடுத்து, விடுபட்ட கேள்விகளைச் சேருங்கள். இடம் 5-க்குள் வந்தும் கிளிக் விழவில்லையென்றால் கைப்பேசியில் அந்தத் தேடலைப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு பெட்டி பதிலைச் சொல்லி முடித்திருக்கும். அந்த வகைக் கேள்விகளை அடுத்த பதினைந்தில் சேர்க்காதீர்கள்.